விட்டுவைத்த பிழை

2000களின் நடுவில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் ‘சி சோனார்’ என்றொரு லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குவியத்தூரம் 50 மி.மீ.; துளையை முழுக்கத் திறந்தால் எஃப் 1.5. லைக்கா எம் வகை ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் மாட்டுவதற்காகச் செய்தது. ஆட்டோஃபோகஸ் கிடையாது, மோட்டார் கிடையாது, சிப் கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம், கால் கிலோ எடை, விரலை நிறுத்திக்கொள்ள ஃபோகஸ் வளையத்தில் சின்னதாக ஒரு மேடு. ஸைஸுக்காக இதைச் செய்துகொடுத்தது ஜப்பானின் நாகானோ பகுதியில் இருக்கும் கோசினா ஆலை.

உள்ளே இருக்கும் கண்ணாடிகளின் அடிப்படை அமைப்பு 1930களின் தொடக்கத்தில் பிறந்தது. துளையைச் சுருக்கும்போது இந்த லென்ஸின் ஃபோகஸ் இடம் மாறும் என்பதைத் தயாரித்தவர்கள் மறைக்கவும் இல்லை. ஆலையில் எங்கோ நேர்ந்த கோளாறு என்று சொல்ல முடியாது. வரைபடத்திலேயே இருக்கும் குணம் அது. இந்தத் தொல்லை பெரிதாக இல்லாத ‘பிளானார்’ 50 மி.மீ. எஃப் 2 லென்ஸும் அதே வரிசையில் கிடைத்தது. லட்சக்கணக்கான ஒளிக்கதிர்களைக் கணினி நொடியில் ஓட்டிப் பார்த்துவிடும் காலத்தில், தெரிந்தே ஒரு பிழையை விட்டுவைத்து ஏன் லென்ஸ் செய்கிறார்கள்? அதை ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? வாங்கி வைத்திருப்பவர்களில் நானும் ஒருவன். ஆகவே ரசனை விஷயத்தில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். இயற்பியலில் மட்டும் பட்சபாதம் காட்டாமல் சொல்லிவிடுகிறேன்.

2.8 மில்லிமீட்டருக்குள் உலகம்

முதலில் கேமராவைப் புரிந்துகொள்ள வேண்டும். எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் காட்டுவதை ஒரு கண்ணாடி மேலே திருப்பிவிட, அதைத்தான் நாம் பார்க்கிறோம். மிரர்லெஸ் கேமராவில் சென்சார் பார்ப்பதைத் திரை காட்டுகிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டும் இல்லை. லென்ஸுக்கு மேலே, ஒரு ஓரமாக இருக்கும் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். லென்ஸுக்கு மூடி போட்டிருந்தாலும் காட்சி தெளிவாகத் தெரியும். மூடியோடு ஒரு ஃபிலிம் ரோலையே முடித்துவிட்டு வந்தவர்கள் உலகமெங்கும் உண்டு.

அந்த ஜன்னலிலிருந்து ஏறக்குறைய 7 செ.மீ. தள்ளி இன்னொரு குட்டி ஜன்னல். அது பிடிக்கும் காட்சி உள்ளே திருப்பப்பட்டு, பெரிய காட்சியின் நடுவில் சிறிய ஒளிச்சதுரமாக விழுகிறது. ஃபோகஸ் சரியில்லை என்றால் சதுரத்துக்குள் எதிரே நிற்பவரின் மூக்கு இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் ஒரு மூக்கு நகர்ந்து வந்து மற்றதன் மேல் உட்காரும். உட்கார்ந்ததும் அமுக்க வேண்டியதுதான்.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிறுத்தி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப்பாருங்கள். விரல் பின்னால் இருக்கும் சுவரின் மேல் தாவும். விரல் அருகில் வந்தால் தாவல் கூடும், தள்ளிப் போனால் குறையும். கண்களுக்கு இடையிலான தூரமும் தாவலின் கோணமும் தெரிந்தால் விரலின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். முதல் உலகப்போரின் போர்க்கப்பல்கள் சில மீட்டர் நீளமுள்ள குழாயின் இரு முனைகளில் கண்ணாடிகளை வைத்து, எதிரிக் கப்பலின் தூரத்தை அளந்ததும் இதே முக்கோணத்தை வைத்துத்தான். அந்தக் கருவியைச் சட்டைப்பை அளவுக்குச் சுருக்கி, ஃபோகஸ் வளையத்தோடு இணைத்து, 1932இல் லைக்கா 2, காண்டாக்ஸ் 1 என்ற இரண்டு ஜெர்மன் கேமராக்கள் வந்தன. 1954இல் வந்த லைக்கா எம்3 இந்த வித்தையின் உச்சம். அதில் இரு ஜன்னல்களுக்கு இடையே 68.5 மி.மீ.; காட்சியின் பெரிதாக்கம் 0.91 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் 62 மி.மீ.தான் உண்மையில் வேலை செய்யும் அடித்தளம். பிற்கால எம் கேமராக்களில் பெரிதாக்கம் பெரும்பாலும் 0.72; அடித்தளம் ஏறக்குறைய 50 மி.மீ.

இந்த 50 மி.மீ. போதுமா? நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு விலகலைப் பிரித்தறியும். ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால், ரேஞ்ச்ஃபைண்டரின் தவறு சுமார் 6 மி.மீ.க்குள் அடங்கும். இரண்டு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதில் கண் இதைவிடக் கெட்டிக்காரத்தனம் காட்டும் என்பதால் நடைமுறையில் தவறு இன்னும் குறையலாம். அதே தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.5இல் கூர்மையாகக் காட்டும் ஆழம் மொத்தமே 3 செ.மீ. சொச்சம். அதாவது கருவி தாராளமாகப் போதும். ஆனால் இந்தத் தவறு தூரத்தின் வர்க்கமாக வளரும்: 3 மீட்டருக்குப் போனால் 9 மடங்கு. கூர்மையின் ஆழமும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் கூடிக்கொண்டே வருவதால் இரண்டுக்கும் இடையிலான போட்டியில் கருவி தோற்பதில்லை. நீளமான டெலி லென்ஸ் போட்டால் தோற்கும். ரேஞ்ச்ஃபைண்டர் உலகம் 135 மி.மீ.யோடு நின்றுபோனதற்கு இது ஒரு காரணம்.

லென்ஸைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள். பித்தளை வளையம் ஒன்று தெரியும். கேமராவுக்குள் மேல்பக்கம் ஒரு குட்டி உருளை எட்டிப்பார்க்கும். லென்ஸை மாட்டியதும் வளையம் உருளையைத் தொடும். ஃபோகஸ் திருப்பும்போது தள்ளும். உருளை உள்ளே இருக்கும் கண்ணாடியைத் திருப்பும். இரண்டாவது மூக்கு நகரும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே நடக்கும் பேச்சுவார்த்தை இந்த ஒரு தொடுதல்தான். 50 மி.மீ. என்று பெயர் போட்ட லென்ஸுக்கு லைக்கா வைத்திருக்கும் உண்மையான அளவு 51.6 மி.மீ. அதன்படி கணக்குப்போட்டால், நிலாவிலிருந்து ஒரு மீட்டர் தூரத்து முகம் வரைக்கும் லென்ஸ் முன்னால் நகர வேண்டிய மொத்தத் தூரம் 2.8 மி.மீ. அதில் நிலாவிலிருந்து 10 மீட்டர் வரையிலான எல்லாவற்றுக்கும் கால் மில்லிமீட்டர் சொச்சம் போதும். கடைசி இரண்டு மீட்டருக்கு, அதாவது 3 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வர, கிட்டத்தட்ட 1.9 மி.மீ. செலவாகும்.

இந்தப் பித்தளை வளையத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் என்ன ஆகும் என்பதற்கு சோவியத் லென்ஸ்களே சாட்சி. 1945க்குப் பிறகு ஜெர்மானியக் கண்ணாடியையும் கருவிகளையும் கொண்டுபோய், 1930களின் பழைய சோனாரை ‘ஜூபிடர்’ என்ற பெயரில் மாஸ்கோவை அடுத்த க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையில் செய்தார்கள். திருகு மரை பழைய லைக்காவினுடையதே என்பதால் அது லைக்காவிலும் மாட்டும். ஆனால் அதன் குவியத்தூரம் காண்டாக்ஸ் அளவை ஒட்டியது. லைக்கா அளவோடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். தொலைவில் எல்லாம் சரியாக இருக்கும். முகத்துக்கு அருகே போனால் கண்ணுக்கு வைத்த குறி கண்ணில் விழாது. பழைய ஜூபிடரை மலிவாக வாங்கி, ‘லென்ஸ் சரியில்லை’ என்று அலுத்துக்கொள்பவர்களில் பலரும் திட்ட வேண்டியது கண்ணாடியை அல்ல, இந்த வித்தியாசத்தை.

கேமராவுக்குள் படபடவென்று எழுந்து விழும் கண்ணாடி இல்லாததால் ரேஞ்ச்ஃபைண்டர் அதிகம் சத்தம் போடாது. கையில் இருப்பதே தெரியாத அளவுக்குச் சிறியது. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்த ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸான் வாழ்நாள் முழுக்க லைக்காவை விடாததற்கு இவை போதுமான காரணங்கள்.

ஆறு பரப்புகள்

சோனாரை வகுத்தவர் லூட்விக் பெர்டெலே. 1900இல் மியூனிக்கில் பிறந்தவர். இருபதுகளின் தொடக்கத்திலேயே டிரெஸ்டனில் இருந்த எர்னெமன் நிறுவனத்துக்காக ‘எர்னோஸ்டார்’ லென்ஸை உருவாக்கினார். எஃப் 2, பிறகு எஃப் 1.8. இவ்வளவு ஒளியை உள்ளே விடும் திறனை லென்ஸின் ‘வேகம்’ என்பார்கள்; அன்றைக்கு அது நம்ப முடியாத வேகம். 1924இல் எர்மனாக்ஸ் கேமராவில் அந்த லென்ஸ் வந்தபின், எரிச் சாலமன் என்ற வழக்கறிஞர் நீதிமன்றங்களிலும் ராஜதந்திர விருந்துகளிலும் ஃபிளாஷ் இல்லாமல், யாருக்கும் தெரியாமல் படமெடுத்துப் புகழ்பெற்றார். (பின்னாளில் நாஜிகள் அவரை ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள்.) எர்னெமன் 1926இல் ஸைஸ் ஐகானோடு இணைந்தது. பெர்டெலேயும் அங்கே போனார். காண்டாக்ஸுக்காக அவர் போட்ட கணக்குதான் சோனார்.

அந்தக் காலத்து லென்ஸ்களுக்குப் பூச்சு கிடையாது. காற்றிலிருந்து கண்ணாடிக்குள்ளோ கண்ணாடியிலிருந்து காற்றுக்குள்ளோ ஒளி நுழையும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதம் திரும்பிப் போய்விடும். 4 சதவீதம் கேட்பதற்குச் சிறிதாக இருக்கிறது. லைக்காவுக்காக லைட்ஸ் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த ‘ஸெனான்’ எஃப் 1.5 லென்ஸில் அப்படிப்பட்ட பரப்புகள் 10. எல்லாவற்றையும் கடந்து வருவது 66 சதவீத ஒளி. வராமல் போனது வெளியே போய்த் தொலைந்தாலாவது பரவாயில்லை. அதில் ஒரு பகுதி கண்ணாடிகளுக்கு இடையே பந்தாடி, கடைசியில் ஃபிலிமின் மேலேயே மங்கலாகப் பரவும். கறுப்பு சாம்பலாகும், படம் வெளுத்துப்போகும்.

பெர்டெலே செய்தது எளிய காரியம், கணக்கு மட்டும் கடினம். கண்ணாடிகளுக்கு இடையே இருந்த காற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தை இன்னொரு கண்ணாடியால் நிரப்பி, எல்லாவற்றையும் ஒட்டிவிட்டார். எஃப் 1.5 சோனாரில் 7 கண்ணாடிகள். ஆனால் 3 கட்டுகள்தான். முன்னால் ஒன்று தனியாக, பிறகு மும்மூன்றாக ஒட்டிய இரண்டு கட்டுகள். காற்றைத் தொடும் பரப்புகள் 6. கடந்து வரும் ஒளி 78 சதவீதம். வேகம் ஒன்றுதான், படத்தின் கறுப்பில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

இதற்குக் கொடுத்த விலை சமச்சீர். ஸைஸின் பால் ருடால்ஃப் 1896இல் வகுத்த பிளானாரில் துளைக்கு முன்னால் உள்ள பாதியும் பின்னால் உள்ள பாதியும் ஏறக்குறைய ஒன்றின் பிரதிபிம்பம் மற்றது. ஒரு பாதி செய்யும் சில பிழைகளை மறுபாதி தானாகவே ரத்து செய்துவிடும். சோனாருக்கு அந்த வசதி இல்லை. லென்ஸ் வடிவமைப்பு எப்போதும் குட்டைப் போர்வை விவகாரம். தலைக்கு இழுத்தால் கால் வெளியே வரும்.

1935இல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா, கண்ணாடியின் மேல் மெல்லிய படலம் பூசி எதிரொளிப்பைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை பதிந்தார். இதற்கு வெகு முன்னரே, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஆங்கிலேயரான டென்னிஸ் டெய்லர் ஒரு விநோதத்தைக் கவனித்திருந்தார்: காலப்போக்கில் மங்கிக் கறைபடிந்த லென்ஸ்கள் புது லென்ஸ்களைவிட அதிக ஒளியைக் கடத்தின. கறை என்று நாம் துடைக்கப் பார்ப்பது ஒரு இயற்கைப் பூச்சு. பிற்காலத்தில் மக்னீசியம் ஃபுளோரைடை 100 நானோமீட்டர் தடிமனில், அதாவது படலத்துக்குள் பச்சை ஒளிக்கு இருக்கும் அலைநீளத்தில் கால் பங்குக்குச் சமமாகப் பூசினார்கள். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 4 சதவீதம் ஏறக்குறைய 1.4 ஆகும். பல அடுக்குப் பூச்சில் அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

பூச்சு வந்தபின் காற்றைத் தொடும் பரப்புகளைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சமச்சீரான பிளானார் வம்சம் திரும்பி வந்தது. கூடவே எஸ்.எல்.ஆர். வந்தது. சோனாரின் பின்கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகில் போய் நிற்கும், எஸ்.எல்.ஆரின் ஆடும் கண்ணாடிக்கு அங்கே இடம் வேண்டும். 50 மி.மீ. சோனாரின் கதை அதோடு ஏறக்குறைய முடிந்தது. முடிவதற்கு முன் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டுப் போனது. 1950இல் டோக்கியோவில் மிகி ஜுன் என்ற இளம் புகைப்படக்காரர், ‘லைஃப்’ இதழின் டேவிட் டக்ளஸ் டங்கனை நிக்கோர் 85 மி.மீ. எஃப் 2 லென்ஸால் ஒரு படம் எடுத்தார். சோனார் வகையில் ஜப்பானியர் செய்த லென்ஸ் அது. பிரிண்டின் கூர்மையைக் கண்டு அசந்துபோன டங்கன் ஆலைக்கே போய்ப் பார்த்து, லென்ஸ்களை வாங்கி, சில வாரங்களில் மூண்ட கொரியப் போருக்கு எடுத்துச் சென்றார். நிக்கான் என்ற பெயரை அமெரிக்கா கேள்விப்பட்டது அப்படித்தான். ஜப்பானியக் கேமராத் தொழிலின் எழுச்சிக்குப் பின்னால் ஒரு பவேரியக்காரரின் கணக்கு இருந்தது.

விளிம்புக் கதிர்களின் அவசரம்

இனி அந்தப் பிழை. கோள வடிவத்தில் தேய்த்த லென்ஸில், விளிம்பு வழியாக நுழையும் கதிர் தேவைக்கு மேல் வளைகிறது. நடுவில் நுழையும் கதிர்கள் சந்திக்கும் இடத்துக்கு முன்னதாகவே அது அச்சைத் தொட்டுவிடுகிறது. இதுதான் கோளப் பிறழ்ச்சி. குழிக்கண்ணாடிகளைச் சேர்த்து இதைச் சரிக்கட்டலாம். எஃப் 1.5 போன்ற அகலத் திறப்பில் முழுக்கச் சரிக்கட்டுவது கோளப் பரப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு கடினம். கோளமல்லாத பரப்பைத் தேய்த்தால் முடியும். 1966இல் வந்த லைக்காவின் நாக்டிலக்ஸ் எஃப் 1.2 அதைக் கையால் தேய்த்துச் செய்தது. இன்று அச்சில் வார்க்கிறார்கள். சி சோனாரை வகுத்தவர்கள் அந்த வழிக்குப் போகவில்லை. 6 கண்ணாடி, 4 கட்டு, எல்லாம் கோளப் பரப்பு. மிச்சப் பிறழ்ச்சி உள்ளேயே இருக்கிறது.

துளை முழுக்கத் திறந்திருக்கும்போது விளிம்புக் கதிர்களும் நடுக்கதிர்களும் சேர்ந்து ஒரு சமரச இடத்தில் ‘மிகக் கூர்மை’ என்று முடிவு செய்கின்றன. துளையைச் சுருக்கினால் முதலில் வெட்டுப்படுவது விளிம்புக் கதிர்கள். அவசரக்காரர்கள் வெளியேறியதும் சமரச இடம் பின்னால் நகர்கிறது. சென்சார் நகரவில்லை. ஆகவே கூர்மை விழும் இடம் பொருளுக்குப் பின்னால் தள்ளிப்போகிறது. சென்சார் பக்கம் இந்த நகர்வு 0.05 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் தூரத்தில் அது சுமார் 1.7 செ.மீ. ஆகப் பெரிதாகும். கூர்மையின் ஆழமே 3 செ.மீ. சொச்சம் என்பதை மறக்க வேண்டாம்.

எஸ்.எல்.ஆர்.காரருக்கும் இது நடக்கும். ஆனால் முழுத் திறப்பில் எடுக்கும்போதாவது அவர் கண்ணால் கண்டதே படமாகும். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸைப் பார்ப்பதே இல்லை. பித்தளை வளையம் சொல்லும் ஒரே ஒரு தூரத்தை அது நம்புகிறது. துளையை எவ்வளவு சுருக்கினாலும் வளையம் அதே தூரத்தைத்தான் சொல்லும். ஆக, ஏதாவது ஒரு துளை அளவுக்குத்தான் லென்ஸைச் சரிசெய்து வைக்க முடியும். சி சோனாரை முதலில் எஃப் 2.8க்குச் சரிசெய்து அனுப்பினார்கள். அந்தத் துளையில் குறி தப்பாது; முழுக்கத் திறந்தால் கூர்மை முன்னால் விழும். எஃப் 1.5க்கே சரிசெய்து வாங்கிக்கொள்ளவும் பின்னர் வழி செய்தார்கள்.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். தையல் டேப் ஒன்றை அட்டையில் ஒட்டி 45 பாகைச் சாய்வில் நிறுத்துங்கள். 50 செ.மீ. குறிக்கு நேராகப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியைச் செங்குத்தாக வையுங்கள்; ரேஞ்ச்ஃபைண்டருக்குப் பொருத்திப் பார்க்க நேர்கோடு ஒன்று வேண்டும், டேப்பின் எண்கள் அதற்கு உதவாது. கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, ஒரு மீட்டரிலிருந்து தீப்பெட்டியின் ஓரத்துக்கு ஃபோகஸ் செய்து, அதன்பின் வளையத்தைத் தொடாமல் எஃப் 1.5, 2, 2.8, 4, 5.6 என்று வரிசையாக எடுங்கள். படங்களைத் திரையில் பெரிதாக்கினால் கூர்மையான எண்கள் துளைக்குத் துளை பின்னோக்கி ஊர்வது தெரியும். எங்கே கூர்மை என்று குழப்பமாக இருந்தால் நிறத்தைப் பாருங்கள். கூர்மைக்கு முன்னால் இருக்கும் கறுப்பு எண்களின் ஓரத்தில் லேசான ஊதாச் சாயல், பின்னால் இருப்பவற்றில் லேசான பச்சை. இரண்டும் மறையும் இடம்தான் நாம் தேடுவது. டேப் சாய்ந்திருப்பதால் படிக்கும் தூரத்தை 0.7ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த வரிசையில் இன்னொன்றும் கண்ணில் படும். எஃப் 1.5இல் எண்கள் கூர்மையாக இருந்தாலும் அவற்றைச் சுற்றி மெல்லிய பால் போன்ற ஒளி. எஃப் 2.8க்கு வரும்போது அது ஏறக்குறையக் காணாமல் போயிருக்கும். காரணம், கோளப் பிறழ்ச்சியின் கசிவு துளை விட்டத்தின் முப்படியாக மாறும்: விட்டம் பாதியானால் கசிவு எட்டில் ஒரு பங்கு. ஒரே லென்ஸுக்குள் இரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன என்று இதன் பயனர்கள் சொல்வது வெறும் மயக்கம் இல்லை. இந்த முப்படிதான் அதற்கு அடிப்படை.

1930களில் இதைப் பற்றி ஏன் யாரும் பெரிதாகப் புலம்பவில்லை? கூர்மையின் ஆழத்தைக் கணக்கிட அன்று வைத்த அளவுகோல் 0.03 மி.மீ. அதற்குள் அடங்கும் கசிவைச் சாதாரண பிரிண்டில் கண் பார்க்காது. ஃபிலிமும் முழுத் தட்டையாக நிற்பதில்லை. இன்றைய 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் 0.006 மி.மீ.; அதாவது பழைய அளவுகோலில் ஐந்தில் ஒன்று. திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு 3 செ.மீ. ஆழம் 6 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். பிழை கூடவில்லை, பூதக்கண்ணாடிதான் வந்தது.

இத்தனையும் சகித்துக்கொண்டு கிடைப்பது என்ன? பின்னணி. கூர்மைக்குப் பின்னால் இருக்கும் ஒரு விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிம்பம் சென்சாருக்கு முன்னாலேயே கூடிவிட்டு, சென்சாரை அடையும்போது வட்டமாக விரிந்திருக்கும். சோனாரில் விளிம்புக் கதிர்கள் இன்னும் முன்பே சந்தித்துவிட்டதால் அவை மற்றவற்றைவிட அதிகமாகச் சிதறிப் போயிருக்கும். வட்டத்தின் நடு பிரகாசமாகவும் ஓரம் கரைந்தும் தெரியும். அப்படிப்பட்ட ஆயிரம் வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்தால் பின்னணி உருகி ஓடியதுபோல் இருக்கும். பிழையை மிகையாகத் திருத்திய லென்ஸில் நேர்மாறு: வட்டத்தின் ஓரத்தில் வரப்பு கட்டியதுபோல் வளையம். மரத்தின் இலைகள் பின்னணியில் இருந்தால் அந்த வளையங்கள் கண்ணை உறுத்தும். ஆனால் இயற்பியல் யாருக்கும் சலுகை தருவதில்லை. பின்னணி மென்மையான லென்ஸில் முன்னணி முரடாகும். சோனாரால் எடுக்கும்போது கேமராவுக்கும் முகத்துக்கும் இடையே செடி, கம்பி எதுவும் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய சாயலில் புதிய லென்ஸ் என்ற சந்தையில் சோனார் தனியாக இல்லை. அதே கோசினா, 1999இல் ஃபோக்ட்லெண்டர் என்ற பழம்பெயரை உரிமம் வாங்கி லென்ஸ்கள் செய்யத் தொடங்கியது. அதன் நாக்டன் கிளாசிக் 35 மி.மீ. எஃப் 1.4, லைக்காவின் 1961ஆம் ஆண்டு சம்மிலக்ஸை மனத்தில் வைத்து வகுத்தது. ஒற்றைப் பூச்சு, பல அடுக்குப் பூச்சு என்று இரண்டு விதமாகவே விற்றார்கள். பழைய காலத்து வெளுப்பு வேண்டுவோருக்கு ஒற்றைப் பூச்சாம். சூரியனை நேருக்கு நேர் வைத்து எடுத்தாலொழிய இரண்டுக்கும் வித்தியாசம் காண்பது கஷ்டம் என்பது என் எண்ணம். பூச்சின் வித்தியாசம் விளம்பரத்தில்தான் அதிகம் மின்னுகிறது. கோளப் பிறழ்ச்சியின் வித்தியாசம் அப்படியல்ல, எந்த வெளிச்சத்திலும் தெரியும்.

மிரர்லெஸ் கேமராவில் இந்த லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்டுவது இன்று சகஜம். எம் லென்ஸின் பிடிப்பு விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 27.8 மி.மீ. சோனி மிரர்லெஸில் 18 மி.மீ.தான் என்பதால் அடாப்டருக்கு இடம் தாராளம். எடுக்கப்போகும் துளையிலேயே, சென்சார் காட்டுவதைப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம். இடமாற்றப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. புதிதாக ஒன்று முளைக்கும். ஃபிலிமின் மேல் கண்ணாடி இல்லை. சென்சாரின் மேல் வடிகட்டிக் கண்ணாடி உண்டு. சோனியில் அது சுமார் 2 மி.மீ. தடிமன், லைக்கா எம் டிஜிட்டல்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களின் பின்முனை சென்சாருக்கு அருகில் இருப்பதால் மூலைகளுக்குப் போகும் கதிர்கள் மிகச் சாய்வாக விழும். அந்தக் கனத்த கண்ணாடி அவற்றை இடம்பெயர்த்துவிடும். 21, 28 மி.மீ. லென்ஸ்களில் மூலைகள் இழுத்துத் தேய்த்ததுபோல் ஆவது இதனால்தான். 50 மி.மீ.யில் பாதிப்பு குறைவு.

ரேஞ்ச்ஃபைண்டரிலேயே பயன்படுத்துவதென்றால், எந்தத் துளைக்குச் சரிசெய்து வைப்பது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. என் சிபாரிசு எஃப் 1.5. அப்போது எஃப் 2இலும் 2.8இலும் கூர்மை கொஞ்சம் பின்வாங்கும். கண்ணுக்குப் பதில் கண்ணிமைக்கோ மூக்கின் மேல்பகுதிக்கோ பொருத்தியோ, பொருத்தியபின் உடம்பை இம்மி பின்னால் சாய்த்தோ ஈடுகட்டலாம். எஃப் 5.6ஐத் தாண்டினால் கூர்மையின் ஆழமே நகர்வை விழுங்கிவிடும். எஃப் 8இல் ஒரு மீட்டரில் 17 செ.மீ. ஆழம் இருக்கிறது, யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் பெரும்பாலும் எஃப் 8இல் எடுப்பவர் என்றால் சோனாருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். பிளானாரை வாங்கிக்கொள்ளுங்கள்.